பிரதேச சபையிடம் காசில்லை என்றால் ஊர் எதில் தொடங்கலாம்?

கேள்வி இதுதான்: மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே, படுவான்கரைப் பக்கம் ஒரு பிரதேச சபை. எதைக் கேட்டாலும் நிதி இல்லை என்கிறார்கள். உதவித் திட்டத்தில் கட்டிய சந்தை பூட்டிக் கிடக்கிறது. புதிதாகப் போட்ட கொங்கிறீற்று வீதியால் மாரியில் வளவுகளுக்குள் வெள்ளம் நிற்கிறது. ஊரவர்களே ஒரு திட்டம் தயாரித்துச் சபையிடம் கொடுத்தால் எடுபடுமா?

எடுபடும். ஆனால் 'எங்களுக்கு இது வேண்டும், அது வேண்டும்' என்று எழுதிய மகஜர் எடுபடாது. அப்படியானவை எல்லாச் சபைகளிலும் கோவை கோவையாகக் கிடக்கின்றன. கேட்கும் ஒவ்வொரு பொருளுக்கும் பக்கத்தில் 'அடுத்த இருபது வருடம் இதைப் பராமரிக்கும் காசு எங்கிருந்து வரும்' என்ற வரி இருந்தால்தான் அது திட்டம். அந்த வரியை எழுதுவதற்குச் சபையின் வருமானம் எப்படி வருகிறது என்று தெரிந்திருக்க வேண்டும்.

1987ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கப் பிரதேச சபைகள் சட்டத்தின் கீழ் இயங்கும் சபைக்குப் பணம் மூன்று வழியில் வருகிறது. ஊழியர் சம்பளத்தின் பெரும்பகுதி மாகாணத்தின் ஊடாக மீளளிக்கப்படுகிறது. காணி கைமாறும்போது அறவிடும் முத்திரை வரியும் நீதிமன்றத் தண்டப்பணமும் மாகாணம் வழியாகச் சபைக்கு வந்துசேரும். மிச்சம் சபையின் சொந்த வருமானம்: சோலைவரி (வீடு, கட்டடங்களுக்குச் சபை விதிக்கும் ஆதன வரி), கடை வாடகை, சந்தைக் குத்தகை, வியாபார உரிமக் கட்டணம், கட்டட வரைபட அனுமதிக் கட்டணம், பெக்கோ (மண் தோண்டும் இயந்திரம்), பவுசர் (தண்ணீர் வண்டி) வாடகை போன்றவை.

இதில் முத்திரை வரியைப் பாருங்கள். காத்தான்குடியிலும் கல்முனையிலும் ஒரு பேர்ச் காணி விற்கும் விலைக்கு ஒரு உறுதி எழுதினாலே கணிசமான தொகை வரும். வவுணதீவிலோ வெல்லாவெளியிலோ நிலத்தில் பெரும்பங்கு 1935ஆம் ஆண்டுக் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ் கொடுத்த அனுமதிப்பத்திரக் காணி. அது வெள்ளைக் கடதாசியில் கைமாறுமே தவிர உறுதியில் கைமாறாது. உறுதி இல்லாத இடத்தில் முத்திரை வரியும் இல்லை. ஆகவே படுவான்கரைச் சபைக்கு வாவிக்குக் கிழக்கே கடற்கரைப் பக்கமுள்ள எழுவான்கரைச் சபையைப் பார்த்துத் திட்டம் போடுவது வீண் வேலை.

வியாபார வரிகளின் கதை இன்னும் மோசம். சட்டத்திலுள்ள தொழில் வரிப் படிநிலையில், முந்திய வருட வரவு 150,000 ரூபாவைத் தாண்டினால் உச்ச வரி 3,000 ரூபா. இன்றைக்குச் சந்தியில் இருக்கும் சின்னக் கடைகூட வருடத்தில் அதைத் தாண்டிவிடும். எனவே சின்னக் கடைக்கும் பெரிய மொத்த வியாபாரிக்கும் ஒரே 3,000. உரிமக் கட்டணத்தின் உச்சமும் 1,000 ரூபா. இதை ஊர் மாற்ற முடியாது, நாடாளுமன்றம்தான் மாற்ற வேண்டும். இந்த வகை வரிகளில் விலைவாசியோடு தானாக ஏறும் வழி ஒன்று சட்டத்தில் உண்டு: சுற்றுலா அதிகாரசபையில் பதிவான ஹோட்டல்கள், தங்குமிடங்களிடம் முந்திய வருட வரவில் 1 சதவீதம் வரை அறவிடலாம். பாசிக்குடாவுக்கும் அறுகம்பைக்கும் அது பெரிய காசு. பதிவில்லாத அறைகள் அதற்குள் வராது. அந்தப் பக்கத்து ஊர்களில் எந்த வீட்டில் எத்தனை அறை வாடகைக்கு விடப்படுகிறது என்று ஊரே எண்ணிக் கொடுப்பது சபைக்கு நேரடியாகப் பயன்படும்.

மற்றச் சபைகளுக்கு மிஞ்சுவது சோலைவரியும் கடை வாடகையும்தான். இரண்டிலும் ஓட்டைகள் ஏறத்தாழ எல்லா இடத்திலும் ஒரே மாதிரி.

சோலைவரி பிரதேச சபை முழுவதற்கும் விதிக்கப்படுவதில்லை. அபிவிருத்தியடைந்த பகுதி என்று வர்த்தமானியில் அறிவித்த இடங்களுக்கு மட்டுமே. பல சபைகளில் அந்த எல்லை பழைய கடைத்தெருவோடு நின்றுவிட்டது. அதற்குப் பிறகு எழும்பிய மாடி வீடுகள், மண்டபங்கள், எரிபொருள் நிலையங்கள் எல்லாம் எல்லைக்கு வெளியே. எல்லையை விரிக்கச் சபைத் தீர்மானம், உள்ளூராட்சி ஆணையாளர், மாகாண மட்ட ஒப்புதல், வர்த்தமானி, பிறகு விலை மதிப்பீட்டுத் திணைக்களம் என்று போக வேண்டும். கிழக்கு மாகாண சபையின் காலம் 2017 செப்டெம்பரில் முடிந்து இன்னும் தேர்தல் நடக்காததால் மாகாண அமைச்சரின் இடத்தில் ஆளுநர் அலுவலகம் நிற்கிறது, அதற்கும் நேரம் எடுக்கும். இன்று தீர்மானம் எடுத்தால் பணம் அடுத்த வருடமே வரும் என்று யாரும் நம்ப வேண்டாம்.

எல்லைக்குள் இருக்கும் வீடுகளிலும் பாதி வேலை மிச்சம். பதிவேட்டில் பெயர் இறந்துபோன பாட்டனாருடையது. வளவு மூன்று பிள்ளைகளுக்குச் சீதனமாகப் பிரிந்து மூன்று வீடு எழும்பியிருக்கும், ஆனால் இலக்கம் ஒன்று. ஓட்டு வீட்டுக்குப் போட்ட வருடாந்தப் பெறுமதியே (வரிக்கு அடிப்படையான, வருட வாடகை மதிப்பு) மேல்மாடி கட்டிய பிறகும் தொடரும். ஐந்து வருடத்துக்கு ஒருமுறை மறுமதிப்பீடு நடக்க வேண்டும், நடப்பதில்லை. இதில் ஊர் உதவலாம். வருமானப் பரிசோதகரோடு சனசமூக நிலையத்து இளைஞர் இருவர் சேர்ந்து வட்டாரம் வட்டாரமாக வீட்டுக்கு வீடு போய், பதிவேட்டு இலக்கம், இப்போது குடியிருப்பவர், மாடி எத்தனை, கடை உண்டா, எந்த வீதிக்கு முகப்பு, கடைசியாக வரி கட்டிய வருடம் என்ற ஆறு விடயங்களை மட்டும் எழுதினால் போதும். உறுதி, அடையாள அட்டை எல்லாம் கேட்கத் தொடங்கினால் சனம் கதவைச் சாத்திவிடும்.

வரி எவ்வளவு என்பது பற்றி ஊரில் தேவையில்லாத பயம் உண்டு. வருடாந்தப் பெறுமதி 30,000 ரூபா, வீதம் 5 சதவீதம் என்று வைத்தால் வருடத்துக்கு 1,500. ஜனவரி 31க்கு முன் முழுவதையும் கட்டினால் 10 சதவீதம் கழிவு, அதாவது 1,350. காலாண்டுக்கு 375 என்று கட்டினாலும் அந்தக் காலாண்டின் முதல் மாதத்துக்குள் கட்டினால் 5 சதவீதம் கழிவு. ஒரு குடும்பம் மாதம் கைத்தொலைபேசிக்குப் போடும் ரீலோட்டைவிடக் குறைவு. வசூலாகாததற்கு வறுமையைவிட வேறு இரண்டு காரணங்கள் பெரிது: பற்றுச்சீட்டு வீட்டுக்கு வருவதில்லை, கட்டிய காசு எங்கே போனது என்று தெரிவதில்லை. இரண்டாவதற்கு மருந்து, வட்டாரவாரியாக வரவையும் செலவையும் ஒரு பலகையில் எழுதி கூட்டுறவுக் கடைக்கு முன்னால் தொங்கவிடுவது. அதற்குச் சட்டம் எதுவும் தேவையில்லை.

கடை வாடகையில் நடக்கும் கொள்ளை இன்னும் வெளிப்படை. சபைக் கடையை முன்னொரு காலத்தில் எடுத்தவர் சபைக்குப் பழைய வாடகையைக் கட்டிக்கொண்டு, உள்ளே இருப்பவரிடம் பல மடங்கு வாங்குவார். குத்தகைப் பதிவேட்டில் உள்ள பெயரையும் கடைக்குள் இருக்கும் ஆளின் பெயரையும் ஒப்பிட்டாலே விடயம் விளங்கும். மதிப்பீட்டுத் திணைக்களத்தின் புதிய வாடகை, பகிரங்கக் கேள்விமனு, உப குத்தகைக்குத் தடை என்று ஒப்பந்தத்தைப் புதுப்பித்தால் புதிய கட்டடம் ஒன்றும் கட்டாமலே வருமானம் ஏறும். இதைச் செய்யாத சபை வருமானத்துக்கென்று புதிய கடைத்தொகுதி கேட்டால் ஊர் எதிர்க்க வேண்டும் என்பது என் அபிப்பிராயம்.

இப்போது செலவுப் பக்கம். ஒரு ஒழுங்கையை எடுத்துக் கணக்குப் போடுவோம். நீளம் 400 மீற்றர், அகலம் 3 மீற்றர், கொங்கிறீற்றுத் தடிப்பு 15 சென்ரிமீற்றர். கனவளவு 180 கன மீற்றர். அன்றைய விலையைச் சபையின் தொழில்நுட்ப உத்தியோகத்தரிடம் கேளுங்கள். கணக்குக்காக ஒரு கன மீற்றருக்கு 30,000 ரூபா என்று வைத்தால் 54 இலட்சம். ஒழுங்கையில் 40 வீடு, வீட்டுக்கு 1,500 ரூபா வரி, அத்தனை பேரும் தவறாமல் கட்டினால் வருடத்துக்கு 60,000. தெருவிளக்கு, குப்பை, வடிகான் எதற்கும் ஒரு சதமும் எடுக்காமல் சேர்த்தாலும் அந்த வீதியின் விலையை எட்ட 90 வருடம் வேண்டும். வீதி தாங்குவது 20 வருடம்.

இதனால் வீதி போடக்கூடாது என்று அர்த்தமில்லை. சோலைவரியால் மட்டும் அதை மீண்டும் போட முடியாது, இரண்டாம் முறையும் யாராவது நன்கொடை தந்தால்தான் உண்டு என்று அர்த்தம். ஆகவே நன்கொடைக் காசு வரும்போது அதை எந்த ஒழுங்கையில் போடுவது என்பதுதான் உண்மையான திட்டமிடல். அதே 400 மீற்றரில் 40 வீட்டுக்குப் பதில் 80 வீடும் சந்தியில் பத்துச் சிறு கடையும் இருந்தால் கணக்கு வேறு. இடையில் வெறும் வளவுகளை வைத்துக்கொண்டு வயல் கரையில் புதுக் குடியிருப்பு திறந்தால், அந்த வெறும் வளவுகளுக்கு முன்னால் ஓடும் வீதிக்கும் குழாய்க்கும் சபை காலம் முழுவதும் செலவழிக்கும். கட்டாமல் கிடக்கும் காணிக்கு மூலதனப் பெறுமதியில் 2 சதவீதம் வரை வரி விதிக்கப் பிரதேச சபைக்கு அதிகாரம் உண்டு. அதைத் தொடத் தவிசாளர்கள் பயப்படுவார்கள், ஏனென்றால் காணிக்காரர் பலர் வெளிநாட்டில், அவர்களுடைய உறவினர் இங்கே வாக்காளர்.

வரைபடத்தை எப்படித் தயாரிப்பது? கிராம சேவகர் பிரிவு முழுவதையும் ஒரே தாளில் அடக்கப் பார்க்க வேண்டாம். செய்மதிப் படத்தை வட்டாரம் வட்டாரமாக 1:1000 அளவில் பெரிய தாளில் அச்சடியுங்கள். முதலில் குறிக்க வேண்டியது தண்ணீர். ஒக்டோபர் கடைசி தொடங்கி ஜனவரி வரைக்கும் மழை நம் பக்கம்தான். வெள்ளம் எங்கே தேங்கி எந்த மதகால் இறங்குகிறது, முகத்துவாரம் (வாவி கடலோடு சேரும் வாய்) வெட்டினால் எத்தனை நாளில் வடிகிறது என்பதெல்லாம் வயதானவர்களுக்கும் வயலுக்குப் போகிறவர்களுக்கும் மனப்பாடம். 2011 ஜனவரி வெள்ளத்தில் சுவரில் ஏறிய உயரத்தையும் 2024 நவம்பரில் ஏறிய உயரத்தையும் வீடு வீடாகக் கேட்டு, வெவ்வேறு நிறத்தில் கோடு போடுங்கள். கரையோரமானால் 2004 டிசம்பர் 26இன் கோட்டையும் சேர்க்க வேண்டும். அம்பாறை மாவட்டம்தான் இலங்கையில் அதிக உயிர்களைச் சுனாமிக்குப் பறிகொடுத்தது. அந்தக் கோட்டுக்குள் பாடசாலையோ முதியோர் இல்லமோ கேட்பதற்கு முன் இரண்டு தடவை யோசிக்க வேண்டும்.

அடுத்தது வடிச்சல்களும் தோணாக்களும் (கரையோர நீரோடைகள்). சாய்ந்தமருது, காரைதீவுப் பக்கம் கடற்கரை மேட்டுக்கும் மேற்கே வயலுக்கும் இடையில் ஊர் ஒடுங்கிக் கிடக்கிறது. தோணாவை மண் போட்டு நிரப்பினால் கிடைக்கும் சில பேர்ச் காணிக்கு ஊர் முழுவதும் ஒவ்வொரு மாரியிலும் விலை கொடுக்கும். வயலை நிரப்புவதற்கு 2000ஆம் ஆண்டின் 46ஆம் இலக்கக் கமநல அபிவிருத்திச் சட்டத்தின் கீழ் அனுமதி வேண்டும். இரவோடு இரவாக டிப்பரில் மண் கொட்டுவதைக் கண்டால் கமநல சேவை நிலையத்துக்கு அன்றைக்கே எழுத்தில் கொடுங்கள், சுவர் எழும்பிய பிறகு யாராலும் எடுக்க முடியாது.

கேள்வியிலுள்ள வீதி வெள்ளத்துக்கும் விடை இங்கேதான். பழைய வீதியைத் தோண்டாமல் மேலேயே ஆறு அங்குலம் கொங்கிறீற்றுப் போட்டால் வீதி அணைக்கட்டாகும், வளவு குளமாகும். சரியான ஒழுங்கு: வடிகால் எங்கே போய் விழும் என்று முதலில் முடிவெடுத்து, அந்த முனையிலிருந்து மேல்நோக்கி வடிகானைக் கட்டி, அதன்பின் வீதி மட்டத்தை இருபுற வளவு வாசலுக்குக் கீழே நிறுத்துவது. வடிகானுக்குக் காசு போதாவிட்டால் வீதியின் நீளத்தைக் குறையுங்கள். 400 மீற்றர் வீதி வடிகான் இல்லாமல் வேண்டாம், 250 மீற்றர் வடிகானோடு போதும்.

வேலை நடக்கும்போது ஊர் பார்க்கக்கூடிய அளவுகளும் உண்டு. 3 மீற்றர் அகலத்தில் 15 சென்ரிமீற்றர் தடிப்புக்கு 100 மீற்றர் நீளத்தில் 45 கன மீற்றர். 1:2:4 (சீமெந்து, மணல், கல்) கலவையானால் ஏறக்குறைய 280 பை சீமெந்து இறங்க வேண்டும். ஓரப் பலகை ஆறு அங்குலத்துக்குப் பதில் ஐந்து அங்குலமாக இருந்தால் 100 மீற்றருக்கு 46, 47 பை காணாமற்போகும். பலகையை அளக்க அடிமட்டம் ஒன்று போதும். நான்கு, ஐந்து மீற்றருக்கு ஒரு பிரிவு இடைவெளி இல்லாவிட்டால் வீதி தானே வெடித்துப் பிரிவைத் தேடிக்கொள்ளும். ஏழு நாளாவது ஈரச் சாக்குப் போட்டு வைக்க வேண்டும். வைகாசி, ஆனியில் கச்சான் காற்று வீசும் வெயிலில் போட்டுவிட்டு அடுத்த நாள் உழவு இயந்திரம் ஓடவிட்டால் எவ்வளவு சீமெந்து போட்டாலும் பயனில்லை.

சிறு வேலைகளைக் கிராம அபிவிருத்திச் சங்கம், மாதர் கிராம அபிவிருத்திச் சங்கம் போன்றவற்றுக்கு நேரடியாகக் கொடுக்க அரச கொள்முதல் நடைமுறையில் இடம் உண்டு. 1980களில் தேசிய வீடமைப்பு அதிகாரசபையின் பத்து இலட்சம் வீட்டுத் திட்டத்தில் வளர்ந்த முறை அது. நன்றாக நடந்தால் இலாபம் ஊரிலேயே தங்கும். கெடுவது எப்போதும் ஒரே இடத்தில்: சங்கத்தின் பெயர் மட்டும் இருக்கும், வேலையை வெளி ஒப்பந்தகாரர் செய்வார், சங்கத்துக்கு ஒரு சிறு தொகை கிடைக்கும். இதைத் தடுக்கச் சங்கக் கணக்கிலிருந்து யாருக்குக் காசோலை போனது என்று பொதுக்கூட்டத்தில் வாசிக்க வேண்டும். மூடப்படும் வேலைகளை, அதாவது அத்திவாரம், கம்பி, கிறவல் தடிப்பு ஆகியவற்றை, மூடுவதற்கு முன் அளந்து படம் எடுத்து வைக்க வேண்டும்.

பூட்டிக் கிடக்கும் சந்தைக்கு வருகிறேன். இப்படியான சந்தைகள் பூட்டுவதற்குக் காரணம் வியாபாரிகளின் பிடிவாதம் என்று அதிகாரிகள் சொல்வார்கள். காரணம் இடம்தான். அரச காணி எங்கே சும்மா கிடந்ததோ அங்கே கட்டடம் எழும்பியது, சனம் எங்கே போகிறதோ அங்கே எழும்பவில்லை. மீன் வாங்குகிறவர் பஸ் இறங்கும் சந்தியிலோ பாலத்தடியிலோ வாங்குவார், அதற்கென்று அரை மைல் உள்ளே போகமாட்டார். மேல்மாடிக் கடை என்றால் அதைவிட மோசம், நம் ஊர்களில் மரக்கறிக்கு யாரும் படி ஏறுவதில்லை. புதிதாக ஒன்று கேட்பதற்கு முன் ஒரு சந்தை நாளும் ஒரு சாதாரண நாளும் காலை ஆறு முதல் இரவு ஏழு வரை, கேட்கும் இடத்தைக் கடந்து போகிறவர்களை மணிக்கு மணி எண்ணுங்கள். இப்போது தெருவோரம் இருக்கும் வியாபாரிகளை ஒரு வருடத்துக்குத் தகரக் கொட்டிலில் அங்கே இருத்திப் பாருங்கள். கொட்டில் நின்றுபிடித்தால் கட்டடமும் நின்றுபிடிக்கும். ஏற்கனவே பூட்டிக் கிடப்பதைச் சந்தையாக மீட்க முயல்வதைவிட நெல் களஞ்சியம், தையல் நிலையம், முன்பள்ளி என்று எதற்காவது குத்தகைக்கு விட்டால் கூரையாவது தப்பும்.

குப்பையைப் பற்றிச் சுருக்கமாக. நிறையில் பாதிக்கு மேல் உக்கும் பொருள். அதைச் சந்தையிலும் சாப்பாட்டுக் கடையிலும் காலையிலேயே தனியாக எடுத்தால் குப்பை ஏற்றும் உழவு இயந்திரம் தூரத்துக்கு ஓடும் நடை குறையும், டீசல் மிச்சம். கலந்து எடுத்த குப்பையில் செய்த பசளையைக் கண்ணாடித் துண்டுக்குப் பயந்து விவசாயி வாங்கமாட்டார், பசளை நிலையங்கள் படுத்ததும் அதனால்தான். அம்பாறைப் பக்கம் பள்ளக்காட்டில் கொட்டிய குப்பையின் பிளாஸ்ரிக்கைத் தின்று யானைகள் செத்தது உலகச் செய்தியானது. வேலி போட்டு அதைத் தீர்க்க முடியாது, உணவுக் கழிவு அங்கே போகாமல் இருந்தால்தான் யானை வராது.

காணி துண்டாடுதலில் ஊர் கவனிக்க வேண்டிய ஒன்று. ஒழுங்குவிதியில் மிகக் குறைந்த துண்டு 150 சதுர மீற்றர், அதாவது ஏறத்தாழ 6 பேர்ச். கிணற்றுக்கும் மலசலக் குழிக்கும் 15 மீற்றர் இடைவெளி என்பது பொதுவான அளவு. 10க்கு 15 மீற்றர் துண்டில் மூலைக்கு மூலை வைத்தாலொழிய அது கிடைக்காது, வைத்தாலும் பக்கத்து வளவின் கிணறு கிட்ட வந்துவிடும். கரையோர மணலில் நிலத்தடி நீர் கைக்கெட்டும் ஆழத்தில் இருப்பதால் குழி நேரே கிணற்றுக்குப் போகும். குழாய்நீர் வராத இடத்தில் 6 பேர்ச் துண்டுகளுக்குச் சபை கண்ணை மூடிக்கொண்டு அனுமதி கொடுப்பதை எதிர்க்கக் காரணம் இதுவே. ஒரு ஹெக்டேருக்கு மேற்பட்ட காணியைத் துண்டாடினால் வீதி நீங்கலாக 10 சதவீதம் பொதுத் தேவைக்கு ஒதுக்க வேண்டும். அந்தத் துண்டு சபையின் பெயருக்கு எழுதப்பட்டதா என்று பாருங்கள், வரைபடத்தில் பூங்காவாக இருந்தது சில வருடத்தில் வீடாக மாறிய இடங்கள் உண்டு.

இதையெல்லாம் யாரிடம், எப்போது கொடுப்பது? சபையின் வருடம் ஜனவரியில் தொடங்குகிறது, வரவு செலவுத் திட்டம் டிசம்பருக்குள் நிறைவேற வேண்டும். நவம்பரில் கொடுக்கும் கடிதம் அடுத்த வருடத்துக்கே. ஆவணி, புரட்டாதிக்குள் வரைபடமும் கணக்கும் தயாராக இருக்க வேண்டும். அறுவடை நாட்களிலும் வெள்ளிக்கிழமை நண்பகலிலும் கூட்டம் வைத்தால் பாதிப் பேர் வரமாட்டார்கள். பெண்களுக்குத் தனியாக ஒரு கூட்டம் வையுங்கள், தண்ணீரும் இருட்டு ஒழுங்கையும் பற்றிய உண்மை அங்கேதான் வரும். காத்தான்குடியிலிருந்து ஆரையம்பதிக்கு நடந்தால் எல்லை எங்கே என்று காலுக்குத் தெரியாது, வடிகானுக்கும் தெரியாது. பக்கத்துச் சபை வட்டாரத்தின் ஆட்களையும் தண்ணீர்க் கூட்டத்துக்கு அழைத்தே ஆகவேண்டும்.

திட்டத்தை வட்டார உறுப்பினரிடம் மட்டும் கொடுத்தால் அது அவருடைய கட்சியின் திட்டமாகிவிடும். தவிசாளர், செயலாளர், தொழில்நுட்ப உத்தியோகத்தர் மூவருக்கும் ஒரே நாளில் கொடுத்துத் திகதி முத்திரை வாங்குங்கள், பிரதி ஒன்றைப் பிரதேச செயலகத்துக்கும் அனுப்புங்கள். 2023 மார்ச்சிலிருந்து 2025 தேர்தல் முடியும் வரை சபைகளைச் செயலாளர்களே நடத்தினார்கள், அந்தக் காலத்து முடிவுகள் பல கூட்ட அறிக்கையில் இராது, கோவையில்தான் இருக்கும். குத்தகைப் பதிவேடு, வட்டாரவாரி வரி நிலுவை, கடந்த மூன்று வருட வீதி வேலைகளின் அளவுப் பத்திரம் ஆகிய மூன்றையும் 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் தகவல் அதிகாரியிடம் கேளுங்கள். 14 வேலை நாட்களுக்குள் தருவதா இல்லையா என்று முடிவு சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் அடுத்த 14 நாட்களுக்குள் அதே சபையின் குறித்தளிக்கப்பட்ட அதிகாரியிடம் மேன்முறையீடு, அதிலும் கிடைக்காவிட்டால் இரண்டு மாதத்துக்குள் தகவல் அறியும் உரிமை ஆணைக்குழு. வைகாசியில் கேட்டு வைத்தால் ஆவணியில் கணக்கு எழுத உட்காரும்போது தாள்கள் கையில் இருக்கும்.